டாக்டரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்!

எண்டோஸ்கோப்பி செய்து, சதை எடுத்து அனுப்பி, ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. இரைப்பைப் புற்றுநோய். அடுத்து நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ரிப்போர்ட் பீரோவுக்குள் போய்விடும். 'அப்பாகிட்ட சொல்லிடாதே... பொண்ணுக்கு வரன் பார்த்துட்டிருக்கோம், வெளியே மூச்சு விடாதே' என்று அடுக்களையில் ரகசியப் பேச்சு.

ரிப்போர்ட்டை ஒளிக்காதீர்கள். நோய் முற்றியோ பரவியோ இருந்தால், சிகிச்சை ஆரம்பிக்கும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள்: 'ஹெர்-2 டெஸ்ட் பண்ணியாச்சா?'

அதென்ன ஹெர்-2? நம் எல்லோருக்கும் 17-வது குரோமோசோமில் இருக்கும் ஒரு ஜீன். செல் வளர்வதற்கான உத்தரவை உள்ளே கடத்தும் புரதத்தைத் தயாரிப்பது அதன் வேலை. சிலருடைய புற்றுக் கட்டியில் இந்த ஜீன் பல மடங்கு பெருகிவிடுகிறது. காலிங்பெல் பட்டன் உள்ளே மாட்டிக்கொண்டால் விடாமல் அலறுமே, அந்தக் கதைதான். செல்கள் ஓயாமல் பெருகுகின்றன. இப்படித் தடம் மாறிப் புற்றை வளர்க்கும் ஜீனைத்தான் 'ஆன்கோஜீன்' என்கிறார்கள்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். ஹெர்-2 பெருகுவது கட்டிக்குள் நேர்ந்த கோளாறு. அது பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவதில்லை. வரன் தேடும் பெண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை!

2010-ல் வெளியான 'டோகா' ஆய்வில், சோதிக்கப்பட்ட இரைப்பைப் புற்றுநோயாளிகளில் சுமார் 22 சதவீதத்தினருக்கு ஹெர்-2 பாசிட்டிவ். அவர்களில் 584 பேருக்குச் சிகிச்சை தந்து பார்த்தார்கள். கீமோதெரபி மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 11.1 மாதங்களைத் தாண்டினார்கள். ஹெர்-2வைக் குறிவைக்கும் டிராஸ்டுஜுமாப் ஊசியும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அது 13.8 மாதங்கள். 'இவ்வளவுதானா?' என்று தோன்றலாம். மகள் கல்யாணத்தைப் பார்க்கத் துடிக்கிற தகப்பனுக்கு அது எவ்வளவு என்று யோசியுங்கள். அதன் பிறகு வேறு மருந்துகளும் வந்திருக்கின்றன. 2014-ல் நம் நாட்டிலேயே தயாரான டிராஸ்டுஜுமாப் விற்பனைக்கு வந்தது.

இந்த ஊசி எல்லோருக்கும் பொருந்தாது. இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் எக்கோ பார்த்த பிறகே போடுவார்கள். யாருக்குப் பயன்படும் என்று சொல்வது டெஸ்ட்தான். மெழுகில் பதித்து லேபில் வைத்திருக்கும் அதே சதையிலேயே பெரும்பாலும் இதைச் செய்துவிடலாம். ரிசல்ட் '3 ப்ளஸ்' என்றால் பாசிட்டிவ். '2 ப்ளஸ்' என்றால் சந்தேகம். 'ஃபிஷ்' என்ற இன்னொரு சோதனை தேவை. இரைப்பைக் கட்டியில் ஹெர்-2 ஓரிடத்தில் இருக்கும், பக்கத்திலேயே இருக்காது. அதனால்தான் பல இடங்களில் சதை எடுப்பது நல்லது.

டெஸ்ட், செலவு, சிகிச்சை எல்லாவற்றையும் நோயாளியையும் உட்கார வைத்துப் பேசுங்கள். வயிறு அவருடையது. மிச்சமிருக்கும் நாட்களும் அவருடையவை. அவரிடமே மறைத்துவிட்டு அவருக்காக யார் முடிவெடுப்பது?

பீரோவைத் திறந்து அந்த ரிப்போர்ட்டை வெளியே எடுங்கள், ப்ளீஸ்!