வரவேற்பறைத் தீயும் அடுக்களைத் தீயும்

தீயை வீட்டினுள் கொண்டுவந்த நாள் முதலாக மனிதனுக்கு இரண்டு பொறுப்புகள் உண்டாயின. ஒன்று தீயை ஓம்புதல். மற்றையது தீ வெளிவிடுவதற்கு வழி சமைத்தல். முதலாவது பொறுப்பை எந்தச் சமுதாயமும் மறக்கவில்லை. இரண்டாவது பொறுப்பை மறக்கச் செய்யும் பண்டமொன்று இன்று சந்தையில் உலவுகின்றது. பயோ எதனோல் எனப்படும் மதுசாரத்தை எரித்து வீட்டைச் சூடாக்குவதாகக் கூறி விற்கப்படும் கணப்பே அது. புகை இல்லை, சாம்பல் இல்லை, புகைபோக்கி வேண்டியதில்லை, சுவரில் மாட்டினாற் போதும் என்று அதன் வணிகர் பறைசாற்றுகின்றனர். புகைபோக்கி இல்லாமை ஒரு குறையன்று, அதுவே அப்பண்டத்தின் சிறப்பு என்பது அவர்தம் வாதம்.

இவ்வாதம் மூன்று தூண்களின் மீது நிற்கின்றது. இக்கணப்பு வீட்டைச் சூடாக்கும் என்பது முதலாவது. வீட்டின் காற்றை மாசுபடுத்தாது என்பது இரண்டாவது. பயிரிலிருந்து பெறப்படுவதால் பூமிக்குத் தீங்கில்லாதது என்பது மூன்றாவது. ஆராயுமிடத்து இம்மூன்று தூண்களும் உளுத்தவை என்பது புலனாகும்.

மார்கழி, தை மாதங்களிலும் சராசரி வெப்பநிலை 25 பாகை செல்சியசை ஒட்டி நிற்கும் யாழ்ப்பாணத்து மயிலிட்டிக்கு இவ்வாராய்ச்சியில் என்ன அலுவல் என்று சிலர் வினவலாம். அலுவல் உண்டு. வலிகாமம் வடக்கின் கடலோரத்தில், பெயர்பெற்ற மீன்பிடித் துறைமுகத்தோடு வாழ்ந்த அவ்வூர் மக்கள் 1990 ஜூன் மாதத்திற் போரினால் ஊரைவிட்டு வெளியேறினர். துறைமுகமும் அதனை அடுத்த நிலமும் 2017 ஜூலையிலேயே விடுவிக்கப்பட்டன. இருபத்தேழு ஆண்டுகள் அங்கு அடுப்பெரியவில்லை. அக்காலத்தில் ஒரு பகுதியினர் முகாம்களிலும் இரவல் காணிகளிலும் மூன்று கல் வைத்து விறகு மூட்டினர். இன்னொரு பகுதியினர் பனிபெய்யும் நாடுகளுக்குச் சென்று, அங்கு கணப்பின் தேவையை முதன்முதலாக அறிந்தனர். ஆகவே, ஒரே குடும்பத்தின் ஒரு கிளை குளிரை விரட்டத் தீ தேடுகின்றது. மறுகிளை உலை கொதிக்கத் தீ தேடுகின்றது. தீயைப் பற்றிய கேள்வி இவ்விரு கிளைகளையும் ஒருசேரத் தொடுவது. அன்றியும், போருக்கு முன் காசநோய் வைத்தியசாலை அமைந்திருந்த ஊர் மயிலிட்டி. நோயுற்ற நெஞ்சுக்குக் கடற்காற்று நல்லது என்று நம்பப்பட்ட ஓர் ஊரின் மக்களுக்குக் காற்றின் பெறுமதியை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

முதலாவது தூணை எடுத்துக்கொள்வோர் வெறும் கணக்கையே துணைக்கழைக்கலாம். ஒரு லீற்றர் எதனோல் எரிந்தால் ஏறத்தாழ 5.9 கிலோவாற்று மணித்தியால வெப்பம் வெளிப்படும். இரண்டு கிலோவாற்று மின் சூடாக்கி மூன்று மணித்தியாலத்திற் கொடுக்கும் வெப்பமே இது. புகைபோக்கி வழியே வெப்பம் வீணாவதில்லை என்பது உண்மைதான். ஆனால் எரிதலின் விளைபொருள்களும் அவ்வழியே போவதில்லை என்பதை வணிகர் சொல்வதில்லை. அந்த ஒரு லீற்றர் எரிந்து முடியும்போது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் காபனீரொட்சைட்டும், ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைந்த நீரும் ஆவியாக அறைக்குள் இறங்குகின்றன. நான்கு மீற்றர் நீளமும் நான்கு மீற்றர் அகலமும் இரண்டரை மீற்றர் உயரமும் உடைய அறையை முற்றாக அடைத்துவைத்து ஒரு லீற்றரை எரித்தால், அவ்வறைக் காற்றின் நூற்றில் இரண்டு பங்கு காபனீரொட்சைட்டாகிவிடும். வெளிக்காற்றில் உள்ளதைப்போல் இது ஏறத்தாழ ஐம்பது மடங்கு. நீராவியோ குளிர்ந்த கண்ணாடியிலும் சுவர் மூலையிலும் படிந்து பூஞ்சணத்துக்கு உணவாகும். இதனைத் தவிர்க்க யன்னலைத் திறக்க வேண்டும். யன்னலைத் திறந்தால் விலைகொடுத்து வாங்கிய வெப்பம் வெளியேறும். அடைத்தால் மூச்சுக்குக் கேடு, திறந்தால் பணத்துக்குக் கேடு என்னும் நிலையிலுள்ள ஒன்றை வீடு சூடாக்கும் சாதனம் என்பது எங்ஙனம் பொருந்தும்? பிரித்தானியா போன்ற நாடுகளில் இவ்வெரிபொருளின் வெப்பம், குழாய்வழி வரும் எரிவாயுவின் வெப்பத்தைவிடப் பன்மடங்கு விலை கூடியது என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது.

ஐரோப்பிய நியமம் வகுத்தோரே இதனை ஒப்புக்கொண்டுள்ளனர். 2015 இல் வெளிவந்த ஐரோப்பிய நியமம் 16647 இச்சாதனங்களை 'அலங்காரச் சாதனங்கள்' என்றே பெயரிட்டுள்ளது. சட்டம் அலங்காரம் என்கின்றது. விளம்பரம் சூடாக்கி என்கின்றது. இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியிலேதான் வணிகனின் இலாபம் கிடக்கின்றது.

இரண்டாவது தூண் தூய்மை பற்றியது. முழுமையாக எரியும் எதனோல் நீரையும் காபனீரொட்சைட்டையும் மட்டுமே தரும் என்பது பாடப்புத்தகச் சமன்பாடு. வீட்டுக் கணப்பு பாடப்புத்தகத்தில் எரிவதில்லை. ஜேர்மனியின் பிரவுன்ஹோபர் மர ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய கணப்புகளைப் பல எரிபொருள்களுடன் சோதித்து 2014 இல் முடிவுகளை வெளியிட்டது. நைதரசனீரொட்சைட்டும் போமல்டிகைட்டும் உள்ளகக் காற்றுக்கென விதந்துரைக்கப்பட்ட அளவுகளைப் பல சந்தர்ப்பங்களில் மீறியமை அதிற் கண்டறியப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத புகையைப் புகையன்று என்று கொள்வது கண்ணை மூடிக்கொண்ட பூனையின் தர்க்கமாகும்.

தீவிபத்தையும் இங்கு மறத்தல் ஆகாது. எதனோலின் தீப்பற்றுநிலை ஏறத்தாழ 13 பாகை செல்சியசு. அஃதாவது, மயிலிட்டியின் எந்த மாதத்திலும், எந்த நேரத்திலும், திறந்து வைத்த எதனோலின் ஆவி தீப்பொறி ஒன்றுக்காகக் காத்திருக்கும். அதன் சுவாலை வெளிச்சத்தில் எளிதிற் புலப்படாது. அணைந்துவிட்டதென எண்ணிச் சூடான தட்டிற் புதிதாக ஊற்றும்போது தீ போத்தலுக்குள் பாய்ந்து, ஊற்றியவரையும் அருகிலிருந்தவரையும் எரிக்கின்றது. அவுஸ்திரேலியா இத்தகைய விபத்துகள் பலவற்றைக் கண்ட பின்னர் 2017 இல் கட்டாயப் பாதுகாப்பு நியமத்தை விதித்தது. எளிதிற் கவிழாத எடையும் அடிப்பரப்பும், ஊற்றும்போது தீ பாயாது தடுக்கும் அமைப்பும் வேண்டுமென அந்நியமம் வற்புறுத்துகின்றது.

மூன்றாவது தூணே மிகுந்த கவர்ச்சி உடையது. 'பயோ' என்ற முன்னொட்டுச் சேர்ந்தவுடன் எப்பொருளும் புனிதமாகிவிடுகின்றது. பயிர் வளியிலிருந்து எடுத்த காபனையே திரும்பக் கொடுக்கின்றது; ஆகவே கணக்கு நேர் என்பர். வயலுக்கு இட்ட பசளையையும், வடிப்பதற்கு எரித்த எரிபொருளையும், கப்பலில் ஏற்றிய செலவையும் அக்கணக்கிற் சேர்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அப்பயிர் யாருடைய தட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் கேட்பதில்லை. உலகின் எதனோலில் மிகப் பெரும்பகுதி அமெரிக்காவின் சோளத்திலிருந்தும் பிரேசிலின் கரும்பிலிருந்தும் வருகின்றது. இந்தியாவிற் பெற்றோலுடன் கலப்பதற்காக அரிசியும் சோளமும் வடிசாலைகளுக்குச் செல்கின்றன. சோளம் ஏற்றுமதி செய்துவந்த அந்நாடு 2024 இல் இறக்குமதியை நாடும் நிலைக்கு வந்தது. இது வாகனத்துக்காக நிகழ்ந்தது. அலங்காரத்துக்காகவும் தானியத்தை எரிக்கலாமா என்பதே கேள்வி.

இவ்விடத்திற் பனைப்பற்றாளர் குறுக்கிடுவர். சோளம் எதற்கு, எங்கள் பனை இருக்கின்றதே, கள்ளை வடித்தால் எதனோல், வடக்கே எரிபொருளில் தன்னிறைவடையும் என்பர். இது விருப்பமேயன்றிக் கணக்கன்று. கள்ளில் மதுசாரம் நூற்றுக்கு ஐந்தளவில் உள்ளது. ஒரு லீற்றர் எதனோலுக்கு ஏறத்தாழ 20 லீற்றர் கள் வேண்டும். குளிர்நாட்டு வீடொன்றில் நாளுக்கு ஒரு லீற்றர் வீதம் மூன்று மாதம் எரித்தால் 90 லீற்றர் எதனோல் செலவாகும். அதற்கு 1800 லீற்றர் கள் வேண்டும். ஏறும் தொழிலாளர் அருகிவரும் காலத்தில், உயிரைப் பணயம் வைத்து மரமேறும் ஒருவரின் உழைப்பை, வரவேற்பறையில் ஆடும் நீலச் சுவாலையாக்குவதா தன்னிறைவு? அந்தக் கள்ளை வடிக்கவும் அடுப்பு எரிய வேண்டும் என்பதும் இவர்கள் நினைவில் இல்லை.

அவ்வாறாயின் எதனோல் முற்றிலும் விலக்கத்தக்கதா? அன்று. அதற்குரிய இடம் எது என்பதே வாதம். எதியோப்பியாவின் ஜிஜிகா நகருக்கு அண்மையிலுள்ள கெப்ரிபெயா முகாமில் சோமாலிய அகதிகள் வாழ்ந்தனர். அங்கு விறகு பொறுக்க நெடுந்தூரம் சென்ற பெண்கள் வழியில் வன்முறைக்கு உள்ளாயினர். 2000 களின் நடுப்பகுதியில் அம்முகாமில் எதனோல் அடுப்புகள் அறிமுகமாயின. எரிபொருள் தானியத்திலிருந்து வரவில்லை. பின்சா சீனி ஆலையிற் கழிவாக எஞ்சிய கரும்புப் பாகிலிருந்து வந்தது. அவ்வடுப்பு, படகுகளிற் சமைப்பதற்கென அமைந்த அடுப்பின் வழிவந்தது. அதன் கலத்துள் எதனோலை உறிஞ்சி வைக்கும் நார் அடைக்கப்பட்டிருக்கும். ஆகையால் கவிழ்ந்தாலும் எரிபொருள் வழிந்தோடாது. திறந்த தட்டில் ஊற்றி எரிக்கும் அலங்காரக் கணப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, ஆடம்பரத்துக்கும் தேவைக்கும் உள்ள வேறுபாடாகும். தேவைக்காகச் சிந்தித்தவன் பாதுகாப்பையும் சிந்தித்தான்.

அகதி முகாமின் அடுப்பு மயிலிட்டி மக்களுக்கு அந்நியமானதன்று. காவோலையும் பன்னாடையும் ஊமலும் சிரட்டையும் எரித்துச் சமைத்த பெண்களின் கண்ணெரிவும் இருமலும் எவராலும் எண்ணப்படவில்லை. வீட்டினுள் எழும் சமையற் புகை முதலிய மாசினால் 2020 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. விறகைவிட்டு வேறு எரிபொருளை நாடியோரையும் 2022 கைவிட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் 12.5 கிலோகிராம் எரிவாயுச் சிலிண்டரின் விலை 4860 ரூபாவை எட்டியது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாகியது. மண்ணெண்ணெயிற் படகோட்டும் மீனவனுக்கு அது இரட்டைச் சவுக்கடி. கடலிலும் எரிபொருள் இல்லை, அடுப்பிலும் இல்லை. திரும்பவும் விறகே துணையாயிற்று. இலங்கை 2020 ஜனவரியில் எதனோல் இறக்குமதியைத் தடைசெய்தது. பெல்வத்தை, செவனகலை ஆலைகளில் கரும்புப் பாகிலிருந்து உள்நாட்டிலேயே எதனோல் உற்பத்தியாகின்றது. அது செல்லுமிடம் பெரும்பாலும் மதுபானத் தொழில். போத்தலுக்குள் செல்லும் மதுசாரம் உண்டு. அடுப்புக்குச் செல்லும் மதுசாரம் இல்லை. இதைப் பற்றிப் பேசுவோர் எத்தனை பேர்?

'அழகுக்காக ஒருவர் தம் பணத்தில் ஒரு சுவாலையை வைத்திருந்தால் உமக்கென்ன' என்று கடைசியாகக் கேட்கப்படும். அழகுக்கென்று சொல்லி வைத்திருப்பாராயின் வாதமே இல்லை. யன்னலைத் திறந்துவைத்து, பிள்ளைகளை எட்ட நிறுத்தி, அவர் அதை இரசிக்கட்டும். அதனை வெப்பம் என்றும், தூய்மை என்றும், பூமிக்குச் செய்யும் தொண்டு என்றும் அழைக்கும்போதே எதிர்ப்பு எழுகின்றது. பொய்ப்பெயர் சூட்டப்பட்ட ஆடம்பரம், மெய்யான தேவைக்குரிய பணத்தையும் கவனத்தையும் களவாடுகின்றது.

செய்யத்தக்கவை அரியன அல்ல. குளிர்நாடுகளில் வாழ்வோர் முதலிற் சுவரின் இடுக்குகளையும் யன்னலின் ஒழுக்கையும் அடைத்து, முறையான காற்றோட்டத்துடன் கூடிய சூடாக்கியைப் பயன்படுத்தலாம். மயிலிட்டியில் மீள எழும் ஒவ்வொரு வீட்டின் வரைபடத்திலும் விறாந்தைக்கு முன்பாக அடுக்களையும் அதன் புகைபோக்கியும் வரையப்பட வேண்டும். உதவி அனுப்பும் ஊர்ச் சங்கங்கள் மண்டபத்துக்கும் வளைவுக்கும் கொடுக்கும் தொகையின் ஒரு கூற்றைப் புகைபோக்கியுள்ள அடுப்புக்கு ஒதுக்க வேண்டும். பல்கலைக்கழகங்களின் விஞ்ஞான, பொறியியற் பீடங்கள் கரும்புப் பாகின் எதனோலை, உறிஞ்சுகல அடுப்பில், காற்றோட்டமுள்ள யாழ்ப்பாணத்து அடுக்களையில் வைத்துச் சோதித்து, அது விறகுக்கு மாற்றாகுமா ஆகாதா என்று கூற வேண்டும். ஆகாதெனின் அதையும் ஒளிக்காது கூறவேண்டும். அச்சோதனைக்கு முன்வராத புலமை, வரவேற்பறைச் சுவரிலே தொங்கும் கணப்பைப் போன்று பார்ப்பதற்கு மட்டுமே உதவும்.