பீஸ் கட்டி நாங்கள் வாங்குவது என்ன?

முதலாம் ஆண்டு அனுமதிக் காலம் வந்துவிட்டால் காத்தான்குடியில் கல்யாண வீட்டிலும் மையத்து வீட்டிலும் கதை ஒன்றுதான். "புள்ளைய எங்க போடப் போறீங்க?" அஞ்சு வயதுப் பிள்ளைக்காக முழுக் குடும்பமும் கூடி மசூறா நடத்துகிறது. பெரியம்மா ஒரு ஸ்கூல் சொல்வார், கட்டாரில் இருக்கிற மாமா வாட்ஸ்அப்பில் இன்னொன்று சொல்வார். கடைசியில் "இன்டர்நெஷனல்லயே போடுவம், இங்லிஷாவது வரும்" எண்டு முடிவாகிறது.

அப்படி முடிவெடுக்கிற பெற்றாரைக் குறை சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. அவர்கள் சொல்கிற காரணங்களில் பொய் இல்லை. அரச பாடசாலை வகுப்பில் பிள்ளைகள் நெருக்கியடித்து இருக்கிறார்கள். நல்லாப் படிப்பிக்கிற டீச்சர் நடு வருடத்தில் மாற்றலாகிப் போகிறார், பதிலுக்கு ஆள் வர ஒரு தவணை போய்விடுகிறது. 2020 இல் கொரோனா, 2021 இல் சம்பள முரண்பாட்டுக்கு எதிரான அதிபர், ஆசிரியர் போராட்டம், 2022 இல் பெற்றோல் வரிசை. அடுத்தடுத்து மூன்று வருடம் அரச பாடசாலைக் கதவு மூடுவதும் திறப்பதுமாக இருந்ததைப் பார்த்த உம்மாமார் பயந்ததில் என்ன பிழை? ஆங்கிலம் இல்லாவிட்டால் கொழும்பில் ஒரு இன்டர்வியூவுக்குக் கூட நிற்க முடியாது என்பதும் உண்மை. தமிழ் மொழிமூலம் படித்துக் கலைப்பீடத்துக்கு வந்து, முதல் வருடம் ஆங்கிலப் பாடத்தில் திணறுகிற எங்களுக்கு அதைப் புதிதாக யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

எங்கள் கேள்வி வேறு. மாதா மாதம் பீஸ் கட்டி நாங்கள் வாங்குவது என்ன? அதற்குப் பதிலாக விட்டுக் கொடுப்பது என்ன?

சட்டத்தில் இருந்து தொடங்குவோம். 1945 இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க வழி செய்தன. 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்குகிற வழியும் அதோடு அடைபட்டது. அந்த நேரம் கல்வி அமைச்சராக இருந்தவர் யார் எண்டு எங்கட வயசில் எத்தனை பேருக்குத் தெரியும்? பதியுதீன் மஹ்மூத். எழுபதுகளின் தரப்படுத்தல் சம்பந்தமாக அவர் மீது கடுமையான விமர்சனங்கள் இருக்கின்றன, அவை பேசப்பட வேண்டியவை. ஆனால் முஸ்லிம் பாடசாலை என்ற அரச பாடசாலை வகையும், நோன்புக்கு லீவு விடுகிற தனிக் கலண்டரும் எங்கள் ஊர்களில் ஊன்றி நின்றது அந்தக் காலத்து வேலைகளால்தான். இன்று பெனரில் "இஸ்லாமியச் சூழல்" எண்டு போட்டு விற்கப்படுகிற விஷயம், மத்திய கல்லூரியிலும் மீரா பாலிகாவிலும் காசில்லாமல் ஏற்கனவே இருக்கிறது.

அப்போ இன்டர்நெஷனல் ஸ்கூல் எப்படி வந்தது? 1977 க்குப் பிறகு பொருளாதாரம் திறக்கப்பட்டது. எண்பதுகளில் இருந்து இந்தப் பாடசாலைகள் கம்பனிகளாகப் பதிவு செய்யப்பட்டு நடக்கத் தொடங்கின. இன்றைக்கும் பெரும்பாலானவை கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவானவைதான். பெயரில் பாடசாலை, பதிவில் வியாபாரம். அரச பாடசாலையைப் போல வலயக் கல்விப் பணிப்பாளருக்குக் கீழ் அவை இல்லை. பீஸ் எவ்வளவு, யார் படிப்பிக்கிறார், எந்தப் புத்தகம் என்பதெல்லாம் நிர்வாகத்தின் முடிவு.

மற்ற நாடுகளில் இப்படித்தானா? மலேசியாவில் சர்வதேசப் பாடசாலைகள் கல்வி அமைச்சில் பதிவு செய்ய வேண்டும். உள்நாட்டுப் பிள்ளைகள் 40 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பை 2012 இல் நீக்கினார்கள், ஆனால் பதிவை நீக்கவில்லை. தமிழ்நாட்டில் 2009 ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் பாடசாலைக் கட்டணத்தைத் தீர்மானிக்க ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு இருக்கிறது. அங்கேயும் பிரச்சினைகள் உண்டு. ஆனாலும் பெற்றார் முறையிட ஒரு வாசல் இருக்கிறது. இங்கே பீஸ் கூடினால் நிர்வாகத்திடம் கெஞ்சலாம், இல்லாவிட்டால் பிள்ளையை எடுக்கலாம். மூன்றாவது வழி என்ன?

அடுத்தது பரீட்சை. மூன்று வயதில் எடுக்கிற முடிவு பதினெட்டு வயதில்தான் வேலையைக் காட்டும். இன்டர்நெஷனல்களில் இரண்டு விதம் இருக்கிறது. சிலவற்றில் உள்நாட்டுப் பாடத்திட்டத்தை ஆங்கிலத்தில் படிப்பிக்கிறார்கள். பிள்ளைகள் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாக எங்கள் ஓஎல், ஏஎல் எழுதுவார்கள். மற்றவற்றில் லண்டன் ஓஎல், லண்டன் ஏஎல். இந்த வித்தியாசத்தைக் கேட்காமலே பிள்ளையைச் சேர்த்தவர்கள் ஊரில் நிறையப் பேர்.

எங்கள் நாட்டு அரச பல்கலைக்கழகங்களுக்கு எடுப்பது உள்நாட்டு ஏஎல்லின் இசட் புள்ளியை வைத்து. கலைத்துறை போன்ற சிலவற்றைத் தவிர, இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பு அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கிறது. அதாவது எங்கள் பிள்ளைக்கு மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ மூன்று கதவு திறந்திருக்கிறது. லண்டன் ஏஎல் எழுதுகிற பிள்ளைக்கு அந்தக் கதவுகளால் போக முடியாது. பிறகு இருப்பது காசு கட்டிப் படிக்கிற தனியார் பட்டம், இல்லாவிட்டால் வெளிநாடு. கொழும்பு ஏழில் இருக்கிற குடும்பம் அதைத் தாங்கும். புடவைக் கடையில் சம்பளத்துக்கு நிற்கிற நானாவின் குடும்பம் தாங்குமா? லண்டன் பரீட்சைக் கட்டணம் பவுணில் கணக்காகிறது. 2022 இல் டொலர் 200 ரூபாயில் இருந்து இரண்டு மாதத்தில் 360 ஆனபோது பவுணும் கூடவே ஏறியதை நாங்கள் மறக்கக் கூடாது.

நடுவில் காசு முடிந்து பிள்ளையைத் திருப்பி அரச பாடசாலைக்குக் கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆறாம், எட்டாம் ஆண்டில் வருகிற அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் கதைக்கத் தெரியும். ஆனால் வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு பந்தியைத் தமிழில் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கும். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் சிரிக்கும். அது அந்தப் பிள்ளையின் பிழை இல்லை. வீட்டில் உம்மாவோடு கதைக்கிற மொழியில் ஒரு கடிதம் எழுதத் தெரியாமல் ஒரு பிள்ளை வளர்ந்தால், அதை முன்னேற்றம் எண்டு சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

மூன்றாவது விஷயத்தை ஊரில் யாரும் கதைப்பதில்லை. அந்த ஏசி வகுப்பறைக்குள்ளே நின்று படிப்பிப்பது யார்? எங்கட ராத்தாமார்தான். ஏஎல் முடித்து ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவர்கள், கலைப்பட்டம் எடுத்து அரச நியமனத்துக்கு வருடக் கணக்காக வரிசையில் நிற்கிறவர்கள். நாங்களும் பட்டம் முடித்த அடுத்த மாதம் அந்த வரிசைக்குத்தான் போகப் போகிறோம். ஊருக்குள்ளே, பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பான வேலை எண்டு சொல்லி, குறைந்த சம்பளத்துக்கு எடுக்கிறார்கள். கடிதம் இல்லை, ஈபிஎப் இல்லை, தவணை லீவுக்குச் சம்பளம் இல்லை என்கிற கதைகளை எங்கள் வீடுகளிலேயே கேட்கிறோம். எல்லா இடமும் அப்படி எண்டு சொல்லவில்லை. ஒழுங்காக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கம்பனி என்றால் கம்பனிக்குரிய கடமையும் இருக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் கட்ட வேண்டும் என்பது சட்டம். வருடத்துக்கு மூன்று டீச்சர் மாறுகிற வகுப்பில் பிள்ளைக்கு என்ன படிப்பு ஏறும்? அரச பாடசாலையில் டீச்சர் மாறுகிறார் எண்டு ஓடி வந்தவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இப்போது அரச பாடசாலைக்கு வருவோம். அங்கேயும் எல்லாம் சும்மா கிடைப்பதில்லை. திரைச்சீலைக்குக் காசு, போட்டோகொப்பிக்குக் காசு, பின்னேரம் டியூசனுக்குப் பெரிய காசு. ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. அங்கே பெற்றாருக்கு உரித்து இருக்கிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது. மட்டக்களப்பு மத்தி வலயக் கல்வி அலுவலகத்துக்கு மகஜர் கொடுக்கலாம். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், வெற்றிடம் எத்தனை, சேர்த்த காசு எங்கே போனது எண்டு எழுத்தில் கேட்கலாம், பதில் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள். ஆங்கிலம்தான் பிரச்சினை என்றால், 2001 க்குப் பிறகு தெரிவு செய்யப்பட்ட அரச பாடசாலைகளில் கணிதம், விஞ்ஞானம் போன்ற பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கிற இருமொழிக் கல்வி நாட்டில் இருக்கிறது. அதை எங்கள் பாடசாலைகளில் எல்லா வகுப்புக்கும் ஒழுங்காக நடத்து, டீச்சரைத் தா எண்டு கேட்க எத்தனை பெற்றார் போயிருக்கிறார்கள்?

போகக் கூடியவர்கள் ஊரில் இருந்தார்கள். வர்த்தகர்கள், வங்கி அலுவலர்கள், அரச உத்தியோகத்தர்கள். அதிபருக்கு முன்னால் எழும்பி நின்று கேள்வி கேட்கத் தெரிந்த ஆட்கள். அவர்களுடைய பிள்ளைகள்தான் முதலில் இன்டர்நெஷனல் வேனில் ஏறினார்கள். அரச பாடசாலைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற சில ஆசிரியர்களின் சொந்தப் பிள்ளைகளும் அதே வேனில்தான் போகிறார்கள். மிச்சம் இருப்பது கூலி வேலைக்குப் போகிற வாப்பாமாரும், கூட்டத்தில் பின் வரிசையில் இருந்து ஒன்றும் கதைக்காமல் கையெழுத்து வைத்துவிட்டு வருகிற உம்மாமாரும். பீஸ் கட்டுகிற ஒவ்வொரு குடும்பமும் தன் பிள்ளையோடு சேர்த்துத் தன் குரலையும் அங்கிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. பிறகு "கவர்மென்ட் ஸ்கூல் சரியில்ல" எண்டு அவர்களே சொல்கிறார்கள். எப்படிச் சரியாகும்?

ஆகவே எங்கள் நிலைப்பாடு இதுதான். பீஸ் கட்டுகிறவர் வாடிக்கையாளர். பிடிக்காவிட்டால் கடை மாறலாம், அவ்வளவுதான். அரச பாடசாலையில் பெற்றார் உரித்துக்காரர். அந்த உரித்தைப் பாவிக்காமல் விட்டுவிட்டு, இல்லாத ஒன்றைக் காசுக்குத் தேடுகிறோம்.

அதற்கும் மேலே இன்டர்நெஷனல்தான் என்று முடிவெடுத்தால், கையெழுத்து வைக்க முன் இவற்றையாவது கேளுங்கள். பதினாறு வயதில் பிள்ளை எழுதப் போவது எந்தப் பரீட்சை? அடுத்த மூன்று வருடத்துப் பீஸை எழுத்தில் தருவீர்களா? படிப்பிக்கிறவர்களின் தகைமை என்ன, அவர்களுக்கு ஈபிஎப் கட்டுகிறீர்களா? தமிழ் வாரத்தில் எத்தனை பாடவேளை? நடுவில் நிறுத்தினால் பிள்ளை எந்த வகுப்புக்குத் திரும்ப முடியும்? வாயால் சொல்கிற பதிலை ஏற்க வேண்டாம். ஊரில் இத்தனை விஷயங்களுக்குத் தீர்மானம் எடுக்கிற பள்ளிவாயல்கள் சம்மேளனம், இந்த நிர்வாகங்களைக் கூப்பிட்டு இதே கேள்விகளுக்குப் பொதுவில் பதில் வாங்கலாம். அது நடக்க முடியாத காரியம் இல்லை.

அரச பாடசாலையில் பிள்ளையைப் போட்டிருக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று. அடுத்த முறை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு உம்மாவை மட்டும் அனுப்பி விட்டுக் கடையில் இருக்க வேண்டாம். இரண்டு பேரும் போங்கள், முன் வரிசையில் இருங்கள். ஆங்கில மொழிமூல வகுப்பு ஏன் இல்லை எண்டு கேளுங்கள். மகஜர் எழுதத் தெரியாவிட்டால் எங்களிடம் வாங்க. எழுதித் தருகிறோம், வலயத்துக்குக் கொண்டு போகக் கூடவே வருகிறோம். கலைப்பீடத்தில் படித்ததற்கு அதாவது செய்யத் தெரிய வேண்டும்தானே.