ஹிஹோனில் ஆடாத ஆட்டம்

ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் 1982 ஜூன் 25 அன்று மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் உலகக் கோப்பைப் பிரிவு ஆட்டத்தில் மோதின. மோதின என்பது ஒரு மரியாதைக்குத்தான்.

அந்தப் பிரிவின் முதல் ஆட்டத்தில் அல்ஜீரியா மேற்கு ஜெர்மனியை 2-1 என்று கவிழ்த்திருந்தது. உலகக் கோப்பையில் ஓர் ஆப்பிரிக்க அணி ஐரோப்பிய அணியை வென்றது அதுவே முதல் முறை. ஜூன் 24 அன்று சிலியையும் 3-2 என்று வென்றுவிட்டு, மறுநாள் ஆட்டத்துக்காகக் காத்திருந்தது அல்ஜீரியா. ஜெர்மனி 1 அல்லது 2 கோல் வித்தியாசத்தில் வென்றால் அண்டை நாடுகள் இரண்டும் உள்ளே, அல்ஜீரியா வெளியே. பத்தாவது நிமிடத்தில் ஹ்ரூபெஷ் கோல் போட்டார். அதன்பின் பந்து நடுக்களத்தில் உலாத்திக்கொண்டிருந்தது. ஆஸ்திரிய வர்ணனையாளர், தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள் என்றே நேயர்களிடம் சொல்லிவிட்டார். அல்ஜீரிய ரசிகர்கள் பண நோட்டுகளை ஆட்டிக் காட்டினார்கள். விதி எதுவும் மீறப்படவில்லை என்று ஃபிஃபா கைவிரித்தது.

இரு அணிகளும் முன்பே பேசி வைத்துக்கொண்டனவா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. பேசவே தேவையில்லை என்பதுதான் விஷயம். பிழைப்புக்கு நிரல் எழுதுகிறவனுக்கு இது பழகிய கதை. நாம் எழுதியதைத்தான் கணினி செய்யும், மனத்தில் நினைத்ததை அல்ல.

1986 முதல் பிரிவின் கடைசி இரு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. நல்ல திருத்தம்தான், ஆனால் பாதித் திருத்தம். 2018இல் போலந்திடம் 0-1 என்று தோற்றுக்கொண்டிருந்த ஜப்பான், கடைசி நிமிடங்களில் பந்தைத் தங்களுக்குள்ளேயே தட்டிக்கொண்டிருந்தது. அதே நேரம் கொலம்பியாவிடம் செனகலுக்கும் 0-1. புள்ளி, கோல் எல்லாம் சமம். மஞ்சள் அட்டை மட்டும் ஜப்பானுக்கு 4, செனகலுக்கு 6. செனகல் ஒரு கோல் போட்டிருந்தால் ஜப்பான் வீட்டுக்குப் போயிருக்கும். போடவில்லை. அந்த அட்டைக் கணக்குக்கு நேர்மைப் புள்ளி என்று பெயர்!

2026 போட்டிக்கு 48 அணிகள் என்று முடிவானபோது, ஃபிஃபா முதலில் தீட்டியது பிரிவுக்கு 3 அணிகள் என்ற திட்டம். கடைசி ஆட்டத்தின்போது ஓர் அணி கரையில் உட்கார்ந்திருக்கும். அதாவது 16 பிரிவுகளிலும் ஹிஹோனுக்கு இடம். 2023 மார்ச்சில் அதைக் கைவிட்டு, நான்கு அணிகள் கொண்ட 12 பிரிவுகள் என்று மாற்றினார்கள். ஆனால் பிரிவுக்கு இருவர் என்றால் 24தான் வருகிறது. அடுத்த சுற்றுக்கு 32 வேண்டும். அதனால் மூன்றாம் இடம் பிடிப்பவர்களில் 8 அணிகளுக்கும் வாசலைத் திறந்தார்கள். பிரிவுகளோ வெவ்வேறு நாட்களில் முடிகின்றன. முந்தி ஆடி முடித்தவன் அல்ஜீரியாவைப் போலக் காத்திருக்க வேண்டும். பிந்தி ஆடுகிறவன் தனக்கு எத்தனை கோல் வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டே களத்தில் இறங்குவான்.