பெயரைச் சொல்லி எழுதுக!

"தகவலைத் தந்துவிட்டோம், இனியும் என்ன குறை?" என்று கேட்கிறார்கள் ஆளும் இடத்தில் அமர்ந்திருப்போர். தந்தது உண்மை. தந்த விதம் என்ன? அதைத்தான் கேட்கிறோம்.

தேர்தல் பத்திரக் கதையை நாடு மறந்திருக்காது. 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட அத்திட்டம் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விவரங்களை வெளியிடுக என்றும் ஆணையிட்டது. பாரத ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை தவணை கேட்டது, மன்றம் மறுத்தது. மார்ச் 14 அன்று தேர்தல் ஆணையம் இரண்டு பட்டியல்களை வெளியிட்டது. ஒன்றில் பத்திரம் வாங்கியோர். மற்றொன்றில் அதைப் பணமாக்கிய கட்சிகள். தேதி இருந்தது, தொகை இருந்தது. கொடுத்த கை எது, கொண்ட கை எது என்று இணைத்துக் காட்டும் எண் மட்டும் இல்லை! அந்த எண்ணையும் தருக என்று மார்ச் 18 அன்று மன்றம் மீண்டும் ஆணையிட்ட பிறகே, 21 அன்று அது வெளிவந்தது. ஒரு வார காலம் நாட்டின் கையில் பட்டியல் இருந்தது, விடை இல்லை.

ஆவணத்தை மறைப்பது ஒரு வித்தை. ஆவணத்தைத் தந்து, அதிலுள்ள பெயர்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் விடுவது அதனினும் தேர்ந்த வித்தை. முன்னதை முறியடிக்கச் சட்டம் போதும். பின்னதை முறியடிக்க எழுத்தில் ஒழுங்கு வேண்டும்.

இன்று தன்னார்வலர் பலர் அரசின் செயல்களைத் திரட்டி, எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்ற முறையில் பொது ஏடுகளைத் தொகுக்கிறார்கள். விக்கி என்று அதற்குப் பெயர். அங்கே எழுத வருவோருக்கு நடை விதியும் பெயர் விதியும் வகுத்தால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். "ஊழலைப் பிடிக்க வந்தோம், ஒற்றுப்பிழை பார்க்கவா வந்தோம்?" என்கிறார்கள். வீரமான கேள்விதான்; விவேகமான கேள்வி அல்ல.

எண்ணிப் பாருங்கள். ஓர் அதிகாரி ஒரு பக்கத்தில் 'இரா.' என்ற தலைப்பெழுத்தோடு நிற்கிறார், மறுபக்கத்தில் 'ஆர்.' என்று நிற்கிறார். மூன்றாம் பக்கத்தில் பெயரே இன்றி வெறும் 'ஆணையர்' ஆகிவிடுகிறார். மூவரும் ஒருவரே என்று படிப்பவர் எங்ஙனம் அறிவார்? ஓர் ஒப்பந்த நிறுவனம் ஓரிடத்தில் முழுப்பெயரோடும் வேறிடத்தில் சுருக்கப்பெயரோடும் திரிந்தால், அது பெற்ற பணிகளைக் கூட்டிச் சொல்வது யார்? ஒரு தாளில் தூத்துக்குடி, மறுதாளில் டூட்டிகோரின். ஊர் ஒன்று, கணக்கு இரண்டு! சிதறிய பெயர் குற்றத்துக்குப் பிடித்த குடை.

ஆகவே, ஒருவருக்கு ஒரு பெயர்; ஒரு பெயருக்கு ஒரு பக்கம். மற்ற வடிவங்கள் அனைத்தும் அந்தப் பக்கத்துக்கே வழிகாட்டட்டும். பதவியைச் சொன்னால், எந்நாள் முதல் எந்நாள் வரை என்பதையும் சொல்க. மாண்புமிகுகளும் வேண்டா, மாலை மரியாதைகளும் வேண்டா.

இன்னொரு கேடு இதனினும் பெரிது. 'ஆணை பிறப்பிக்கப்பட்டது', 'நிதி விடுவிக்கப்பட்டது', 'கோப்பு மூடப்பட்டது'. செயல் இருக்கிறது, செய்தவர் எங்கே? செயப்பாட்டு வினை செயலகத்தின் செல்லப்பிள்ளை. அரசு அப்படி எழுதுவது அதன் வசதிக்கு. மக்கள் ஏடும் அதையே படியெடுக்கலாமா? ஒப்பமிட்டவர் யார், எந்த நாள், எந்த ஆணை எண்? இவை மூன்றும் இல்லாத வரி பதிவன்று, வதந்தி.

வசைமொழியும் அங்கே ஆகாது. 'கொள்ளைக்காரர்', 'கறை படிந்தவர்' என்று மேடையில் முழங்கலாம். இதுபோன்ற பக்கத்திலும் முழங்கலாம். பதிவேட்டில் முழங்கினால், "இது பகைவரின் ஏடு" என்ற ஒரே சொல்லால் அதை ஒதுக்கிவிடுவார்கள். தேதியும் தொகையும் சான்றும் தாங்கி நிற்கும் வரியை எந்தச் சொல்லால் ஒதுக்குவார்கள்?

பெயரின் வலிமையை அறிய வேண்டுமானால் ராஜஸ்தானைப் பாருங்கள். 1994இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர் அமைப்பு, அரசுப் பணிகளின் கூலிப்பட்டியலை ஊர் நடுவே உரக்கப் படித்தது. இறந்தவர் பெயரில் கூலி! வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி! நூறு சொற்பொழிவு செய்யாததைப் பெயர்களின் வரிசை செய்து காட்டியது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு அந்த இயக்கம் ஒரு வேர்.

இன்று அந்தப் பெயருக்கே வேலி போடுகிறார்கள். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, 'தனிநபர் தகவல்' என்ற சொல்லையே மறுப்புக்குப் போதுமான காரணமாக்கியது. பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்னும் 8(2) பிரிவு மட்டுமே மிஞ்சியது. ஏழையின் முகவரியும் நோயும் காக்கப்படட்டும். அதை மறுப்பார் இல்லை. ஆனால், பொதுப்பணத்துக்கு ஒப்பமிட்ட கை தனிநபரின் கையா?

எழுத வருவோரே! கேட்டுப் பெறும் பெயர்கள் குறையும் காலத்தில், கையிலுள்ள பெயரைச் சிதைத்து எழுதுவது ஆள்வோருக்குச் செய்யும் இலவச ஊழியம். பெயரைச் சொல்லுங்கள், பிழையின்றிச் சொல்லுங்கள், ஒரே வகையில் சொல்லுங்கள். தீர்ப்பை மக்கள் எழுதிக்கொள்வார்கள்!