முகமூடிக்கு உட்புறம்

திரைப்படத்திலிருந்து எழுதப்பட்ட நாவல் என்றாலே நம் விமர்சகர்களிடம் இரண்டு எதிர்வினைகள்தாம். ஒன்று அருவருப்பு. மற்றொன்று பால்யம் பற்றிய புல்லரிப்பு. இரண்டுக்கும் பொதுவான சௌகரியம் ஒன்று உண்டு: புத்தகத்தைப் படிக்க வேண்டியதில்லை.

சூப்பர்மேன், பேட்மேன் ரகப் படங்களைச் சிறுவயதிலிருந்து நேசித்தவன் வளர்ந்தபின் அவற்றின் நாவல் வடிவங்களைத் தேடிப் படிக்கிறான். 1989-இல் வந்த 'பேட்மேன்' படத்தை கிரெய்க் ஷா கார்ட்னர் நாவலாக்கினார். 'ஸ்டார் வார்ஸ்' நாவலோ, 1977-இல் படம் வருமுன்பே, 1976-இல் வெளிவந்துவிட்டது. அட்டையில் ஜார்ஜ் லூகாஸின் பெயர். எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். வியாபாரம்தான், யார் மறுத்தது? ஆனால் வியாபாரம் என்று சொல்லிவிட்டதோடு விமர்சனம் முடிந்துவிட்டதாக எண்ணுவது சோம்பேறித்தனம். தொடர்கதையும் வியாபாரத்தில் பிறந்ததே.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. திரையில் நாயகன் பறக்கிறான். நம் கண் அக்கணமே நம்பிவிடுகிறது. 'அவன் பறந்தான்' என்ற வாக்கியத்தை எவன் நம்புவான்? உரைநடை அங்கே தோற்றே தீரும். அது ஜெயிக்கக்கூடிய இடம் முகமூடிக்கு உட்புறம்: அங்கிருக்கும் பயம், தனிமை, தன் பலத்தைக் குறித்தே உண்டாகும் கூச்சம். அந்த வாசலைத் தாண்டிய புத்தகம் படைப்பு. தாண்டாதது சினிமா டிக்கெட்டின் கிழிந்த பாதி.

நம்மிடம் இருந்தது கதை வசனப் புத்தகம். 'பராசக்தி' (1952) வசனத்தை வாங்கியவன் அதை வாசித்தான் என்பதைவிட, சிவாஜி கணேசனின் குரலை மறுபடி கேட்டான் என்பதே சரி. வீடியோ இல்லாத காலத்தில் அது ஞாபகத்துக்கு ஒரு கைப்பிடி. இன்று படம் முழுவதும் சட்டைப்பையில் இருக்கிறது. அந்த நியாயம் காலாவதியாகிவிட்டது.

1986-இல் ஒரு சந்தர்ப்பம் வந்தது. 'விக்ரம்' கமல்ஹாசன் படமாகவும், குமுதத்தில் சுஜாதாவின் தொடராகவும் வந்தது. ஏவுகணையைத் தேடிப் போகும் அந்த உளவாளி, நம்மூரில் அதிமானுட நாயகனுக்கு மிக அருகில் வந்தவன், மனைவியைப் பறிகொடுத்தவனும்கூட. அவனுடைய துக்கத்தைத் திரை எங்கே கைவிட்டது? உரைநடை அதை எடுத்துக்கொண்டதா, அதுவும் கைவிட்டதா? தமிழின் மிக வேகமான உரைநடைக்காரர் ஒருவர் இரு சாதனங்களுக்கு நடுவே நின்ற தருணம் அது. 2022-இல் அதே பெயரில் லோகேஷ் கனகராஜின் படம் வந்தபோது, பேச்செல்லாம் வசூலையும் பழைய பாட்டையும் சுற்றித்தான்.

காலாப்பட்டு புதுவையைச் சேர்ந்தது. ஆனால் இங்கிருந்து புதுவை நகருக்குப் போக, நடுவே தமிழ்நாட்டு மண்ணைக் கடந்தாக வேண்டும். படத்துக்கும் அதன் நாவலுக்கும் உள்ள உறவும் இப்படித்தான். ஒரே பெயர், ஒரே கதை, ஒரே நாயகன். ஆயினும் இடையில் வேறு ஆட்சி. அந்தத் தூரத்தை எழுத்தாளன் தன் மொழியால் கடக்க வேண்டியிருக்கிறது.

இதில் என்ன போயிற்று என்பீர்கள். நாவல் என்ற ஒன்றையே இப்புத்தகங்கள் வழியாக முதன்முதலில் தொடும் வாசகன் இருக்கிறான். தான் நேசித்ததைச் சொல்லில் சரிபார்க்க வருகிறான் அவன். ஏளனம் செய்து அனுப்பினால் திரையரங்குக்குத் திரும்பிவிடுவான். தட்டிக்கொடுத்து அனுப்பினால் குழந்தையாகவே இருந்துவிடுவான். அவன் கையிலிருக்கும் புத்தகத்தை வாக்கியம் வாக்கியமாக, அவனோடு சண்டையிட்டுப் படிப்பதே அவனுக்குச் செய்யும் மரியாதை. அதைச் செய்யத் தெரியாத விமர்சனம், மௌனியைப் பற்றி எழுதினாலும் பிரயோஜனமில்லை.