முற்றத்தில் ஒரு மழைமானி

ஆனி பிறந்துவிட்டால் தென்காசிக்காரர்களாகிய எங்களுக்குக் கொஞ்சம் பெருமை வந்துவிடும். "சாரல் ஆரம்பித்துவிட்டது, இரண்டு நாள் தங்கிக் குற்றாலத்தில் குளித்துவிட்டுப் போகலாம்" என்று விருந்தினரை உபசரிப்போம். "எவ்வளவு மழை?" என்று யாராவது கேட்டால்தான் விழிப்போம்.

ஒரு நாள் என் வகுப்பு மாணவி கேட்டாள்: "சார், எங்கள் முற்றம் நனையவே இல்லை. அருவியில் மட்டும் குளிக்கக் கூடாதென்று தடை போட்டிருக்கிறார்களே, ஏன்?" நான் பதில் சொல்லவில்லை. ஒரு தகர டப்பா கொண்டுவரச் சொன்னேன்.

நேயர்களும் ஒன்று தேடி எடுங்கள். அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலமாக, குறுக்களவு 10 சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. சுவரோ மரமோ அருகில் இருந்தால், அதன் உயரத்தைப் போல் இரு மடங்கு தள்ளி, வெட்டவெளியில் வையுங்கள். காற்றில் சாயாதபடி சுற்றிலும் செங்கல் அடுக்குங்கள். தரையில் விழும் துளி தெறித்து உள்ளே போகாமலிருக்க, வாய் தரைக்கு மேல் ஓர் அடி உயரத்தில் இருக்க வேண்டும்.

சாரலோ பூப்போன்றது. டப்பாவில் 1 மில்லிமீட்டர் நீர் நின்றால் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அதற்கு ஒரு யுக்தி உண்டு. உட்குறுக்களவு 2.5 சென்டிமீட்டர் உள்ள நேரான கண்ணாடிக் குழாயில் அந்த நீரை ஊற்றுங்கள். டப்பாவின் அகலம் இதற்கு 4 மடங்கு. பரப்போ 16 மடங்கு. ஆகவே 1 மில்லிமீட்டர் மழை குழாயில் 16 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும்! மழை அதிகமானால் பலமுறை ஊற்றிக் கூட்டிக்கொள்ளுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து எழுதுங்கள். நமது வானிலைத் துறை கணக்கெடுக்கும் நேரமும் அதுவே.

இது ஏதோ மேல்நாட்டாரிடம் கற்ற வித்தை என்று எண்ண வேண்டாம். களஞ்சியத்தின் முன் ஒரு முழ அகல வாயுள்ள பாத்திரத்தை வைத்து மழையை அளக்கும்படி அர்த்தசாஸ்திரமே சொல்கிறது.

இப்போது இரண்டாவது டப்பாவைக் குற்றாலத்து உறவினர் வீட்டில் வையுங்கள். இடைவெளி சுமார் 5 கிலோமீட்டர்தான். ஆயினும் இரண்டு கணக்கும் அநேக நாட்களில் ஒத்துப்போகாது. அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைமீது ஏறும்போது குளிர்ந்து மழையாகிறது. இப்பக்கம் இறங்கும்போது வெப்பமடைந்து வறண்டுவிடுகிறது. ஆரியங்காவுக் கணவாய் தாழ்ந்திருப்பதால், அதன் வழியே நழுவி வரும் மேகமே நமக்குச் சாரல். மலைக்கு அருகில் இருப்பவனுக்குப் பங்கு அதிகம். விலகி இருப்பவனுக்குக் குறைவு.

மாணவியின் கேள்விக்குப் பதில் இதுதான். முற்றத்து டப்பா முற்றத்து மழையை மாத்திரமே சொல்லும். அருவியில் விழுவதோ மலைமேல் பெய்த மழை. 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து, 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துக்கொண்டு போயிற்று. அவன் மீளவில்லை.

ஆகையால், அருவி நீர் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் வந்தாலும், இரைச்சல் கூடினாலும் உடனே வெளியேறிவிடுங்கள். காவலர் விசில் ஊதினால், "மழையே இல்லையே, ஐயா!" என்று தர்க்கம் செய்யாதீர்கள். குளிப்பதற்கு நாளையும் அருவி இருக்கும்.