இணைப்பு கொடுத்தால் போதுமா?

உத்தரப் பிரதேச மாநிலம் பல்லியாவில் 2016 மே 1-ஆம் தேதி தொடங்கப்பட்ட உஜ்வலா திட்டத்தின் வெற்றி, பெரும்பாலும் இணைப்புகளின் எண்ணிக்கையாகவே பேசப்பட்டு வருகிறது. 8 கோடி என்கிற இலக்கு, கெடுவுக்கு ஏழு மாதங்கள் முன்னதாகவே 2019 செப்டம்பரில் எட்டப்பட்டது. பின்னர் 10 கோடியையும் தாண்டிவிட்டது. சாதனைதான், மறுப்பதற்கில்லை.

ஆனால், ஒரு பொருள் மக்களிடையே வேரூன்றிவிட்டதா என்பதை முதல் விற்பனை சொல்லிவிடாது. சோப்பு விற்பவர்கள்கூட, வாங்கியவர் மீண்டும் வாங்கினாரா, எப்போது நிறுத்தினார் என்று ஆராய்கிறார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், மொத்த செல்போன் இணைப்புகளையும் அவற்றில் உண்மையில் இயங்குபவற்றையும் தனித்தனியே வெளியிடுகிறது. இடைவெளி கோடிக்கணக்கில்!

எரிவாயுவில் அந்த இடைவெளியை வெளிச்சமிட்டது தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2019-ஆம் ஆண்டு அறிக்கை. 2018 டிசம்பர் 31 நிலவரப்படி, 3.18 கோடி பயனாளிகள் ஆண்டுக்கு வாங்கிய மறு சிலிண்டர்கள் சராசரியாக 3.21 மட்டுமே. ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் சமைக்க இது எப்படிப் போதும்? எஞ்சிய நாள்களில் விறகும் வறட்டியும்தான். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள், யாருக்காகத் திட்டம் வந்ததோ அதே பெண்கள்.

பயணம் எங்கே தடைபட்டது என்பதில் பெரிய மர்மம் இல்லை. அடுப்பையும் முதல் சிலிண்டரையும் கடனாகப் பெற்றவர்களின் மானியம், அந்தக் கடனுக்குப் பிடித்துக்கொள்ளப்பட்டது. பழக்கம் வேரூன்ற வேண்டிய தொடக்க மாதங்களில்தான் ஏழைகள் முழு விலையைச் சுமந்தார்கள். இதை உணர்ந்துதான் 2018-இல் முதல் ஆறு சிலிண்டர்கள்வரை பிடித்தம் ஒத்திவைக்கப்பட்டது. 2022 மே மாதம் ரூ.200 சிறப்பு மானியம் வந்தது; 2023 அக்டோபரில் அது ரூ.300 ஆனது. 2019-20-இல் 3.01-ஆக இருந்த சராசரி 2023-24-இல் 3.95-ஆக உயர்ந்தது.

சராசரியையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஆண்டுக்கு 12 சிலிண்டர்களுக்கு மேல் வாங்கிய 1.98 லட்சம் பயனாளிகளையும் அதே தணிக்கை சுட்டிக்காட்டியது. அவை வீட்டு அடுப்புக்குத்தான் போயினவா என்பது வேறு கதை. இரண்டாவது சிலிண்டரே வாங்காத வீடுகள் எத்தனை, ஓராண்டுக்குப் பிறகு நின்றுபோனவை எத்தனை, எந்தெந்த மாவட்டங்களில்? ஒவ்வொரு சிலிண்டரின் பதிவும் எண்ணெய் நிறுவனங்களின் கணினிகளில் இருக்கிறது. இணைப்புக் கணக்குடன் இந்தக் கணக்கையும் பெட்ரோலியத் துறை அமைச்சகம் மாதந்தோறும் வெளியிடட்டும்.